தறிக்குழிக்கு மேல் நின்ற ஜீப்

என் உடம்பின் தடிமன் என்ன என்று எனக்கு நாற்பத்தாறாவது வயதில்தான் தெரிந்தது. ஒரு சாணுக்கு மேல் நாலு விரல். அளந்து சொன்னவர் டாக்டரும் இல்லை, தையற்காரரும் இல்லை. ஆசை ஆசையாக நானே தாழ்த்திய என் ஜீப்தான் சொன்னது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை பிரித்துப் போடுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அதே மெத்தை, அதே மூலை. கல்யாணக் கூட்டம் வரும், குந்தும், ஐம்பது புடவையைப் பிரிக்கச் சொல்லும், கடைசியில் "மொதல்ல ஒண்ணு காட்டினீங்களே, அதையே குடுங்க" என்று எழுந்துகொள்ளும். பல்லைக் காட்டிக்கொண்டே ஐம்பதையும் மடிக்க வேண்டும். சில நாள் அந்த மெத்தையில் உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து ஓடிவிடலாமா என்றிருக்கும். ஓட முடியாது, அடுத்த கூட்டம் படியேறிக்கொண்டிருக்கும்.

இதிலிருந்து நான் தப்பித்துப் போகிற ஒரே இடம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தரிசு நிலம். என்னைப் போன்ற அரைகுறைகள் பத்துப் பன்னிரண்டு பேர் இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவோம். சுண்ணாம்புக் கோடு போட்டு, காலி டிரம்களை நிறுத்தி, ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்ப்போம். ஜெயித்தவனுக்கு ஒரு துண்டு போர்த்துவார்கள். அந்தத் துண்டுக்காக நான் என்னவெல்லாம் பண்ணியிருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

தை மாதம் மூன்றாவது டிரம்மில் வளைத்தபோது ஜீப் உருண்டது. ஒரு முழுச் சுற்று, அப்புறம் ஒரு அரைச் சுற்று. பெல்ட் பிடித்துக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினேன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் மனைவி நின்றிருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். பேசாமல் வந்தது தாங்காமல், வாசலில் இறங்கியதும் அவள் தலையில் கை வைத்து, இனி ரேஸுக்குப் போகவே மாட்டேன் என்று நானாகச் சத்தியம் செய்தேன். அப்படியொரு சத்தியத்தை அவள் கேட்கவே இல்லை.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தேன். நாலாவது மாதம் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தப்பு என்னுடையதா? இல்லையே. ஜீப் காட்டுமேட்டில் ஏறுவதற்காகச் செய்த வண்டி, கால் உயரம். உயரமான வண்டியை வளைத்தால் சாயத்தான் செய்யும். தாழ்த்திவிட்டால் சாயாது. சாயாவிட்டால் சத்தியத்துக்கு என்ன வேலை? இப்படி எனக்கு நானே வக்கீலாகி, நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன்.

அவளிடம் வண்டியை விற்கப்போகிறேன் என்று சொன்னேன். வாங்குகிறவர் உயரத்தைக் குறைத்துக் கேட்கிறார், அதனால்தான் இந்த வேலை என்றேன். அவள் "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க" இரண்டு நாள் என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது, ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை.

நாங்கள் இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில் என் மாமனார் வீட்டில். மச்சான் செவிலிமேட்டில் பெரிய ஷெட் போட்டுத் தறிகளையெல்லாம் அங்கே கொண்டுபோனதும், பின்கட்டில் தகரக் கூரை போட்ட தறிக்கூடம் எனக்குக் கிடைத்தது. பக்கத்துச் சந்துப் பக்கமாகப் பெரிய கேட் வைத்து ஜீப்பை உள்ளே விட்டேன். கூடத்தின் நடுவில் ஒரு தறிக்குழி. நெய்கிறவர் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கான பள்ளம். சுற்றிக் கருங்கல் பலகை. ஜீப்பின் சக்கரங்கள் இரண்டு பக்கமும் தாராளமாக நிற்கும், நான் குழிக்குள் உட்கார்ந்து அடிப்பக்க வேலையெல்லாம் பார்ப்பேன். இப்படி வசதி எந்த மெக்கானிக்கிடமும் கிடையாது என்று நண்பர்களிடம் பீற்றிக்கொள்வேன்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கிலிருந்தும் இரண்டு பட்டையை உருவினேன். ஆக்ஸிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்க இரும்புக் கட்டைகளை லேத்துக்கடை பாய் கடைந்து கொடுத்தார். பெரிய டயரைக் கழற்றிச் சின்ன டயர் போட்டேன். ஓட்டுகிற சீட்டுக்குப் புதிதாக நாலு முனைப் பெல்ட். எடை குறைய வேண்டும் என்று வண்டியோடு வந்த ஜாக்கியைக்கூட எடுத்து மச்சான் ஷெட்டில் போட்டேன். பாய் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்லி அனுப்பினார். "அண்ணே, வண்டி நாலு காலுல உக்காந்த பொறவுதான் கடைசி போல்ட்டை இறுக்கணும். ஜாக்கியில தொங்கிக்கினு இருக்கும்போது இறுக்கினா நாலே நாள்ல ரப்பர் புஷ்ஷெல்லாம் பிஞ்சு பூடும்."

கடைசி போல்ட் வேலைக்குச் சனிக்கிழமைதான் மிச்சம், மறுநாள் ஞாயிறு ரேஸ். அந்தச் சனிக்கிழமை கருட சேவை. சாமி பெரிய காஞ்சிபுரம் வரை போவதால் கடைத் தெருவெல்லாம் ஜனமாக இருக்கும், கடைக்கு அரைநாள் லீவு. மனைவி விடியற்காலையிலேயே கோபுர வாசலில் கருடன்மேல் சாமியைத் தரிசித்துவிட்டு அப்படியே செவிலிமேட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று எனக்கு ஒரே குஷி. பொறுக்க முடியாமல், ஓட்டுகிற பக்கக் கதவில் பதினேழு என்று என் நம்பரைக்கூட ஒட்டிவிட்டேன்.

முன் சக்கரங்கள் தரையில் நின்றன. பின்பக்கம் பாயிடம் இரவல் வாங்கிய எண்ணெய் ஜாக்கியில் ஏறியிருந்தது. வண்டி இறங்கி உட்காருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போல்ட்டை இறுக்க வேண்டும் என்று, நான் முதலில் குழிக்குள் இறங்கி உட்கார்ந்தேன். தறிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், முதலில் குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் வேலையைத் தொடுவார்கள். ஒரு நீளக் குழாயை நீட்டி, பின்னால் இருந்த ஜாக்கியின் திருகை மெதுவாகத் திறந்தேன். புஸ்ஸென்று ஜீப் இறங்கியது. இறங்கியது, இறங்கியது, இன்னும் இறங்கியது. அடடா, என்ன அழகாக உட்கார்ந்தது! போல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு ஸ்பானரைப் பக்கத்துக் கல்லில் வைத்தேன். வெளியே வர உடம்பைத் திருப்பினேன். கல்லுக்கும் ஜீப்பின் வயிற்றுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சாண்.

முதலில் சிரித்தேன். வயிற்றை எக்கி ஒரு பக்கம் நுழைந்து பார்த்தேன், சைலன்சர் குழாய் மறித்தது. அந்தப் பக்கம் போனால் கியர்பாக்ஸ். முன்னால் தலை மட்டும் போனது, மார்பு போகவில்லை. தலையைத் திரும்ப இழுப்பதற்குள் காது எரிந்தது, அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. குழாயின் முனையால் ஜாக்கியை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன். திருகை முழுக்கத் திறந்து வைத்திருந்த பெரிய புத்திசாலி நான்! ஜாக்கி சாய்ந்து விழுந்து எண்ணெயெல்லாம் தரையில் ஓடியது. போன் பானெட்டின்மேல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

கத்தினேன். யாருக்குக் கேட்கும்? முன் தெருவில் தவில் முழங்கியது, நாகஸ்வரம், வேத கோஷ்டி, ஜனத்தின் இரைச்சல். வைகாசி வெயிலில் தகரம் காய்ந்து குழிக்குள் இட்லிப் பானை மாதிரி வெந்தது. "மோர் குடிங்க, மோர் குடிங்க" என்று யாரோ தெருவில் கூவிக் கூவிக் கொடுத்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்லைப் பார்த்தேன், இரும்பைப் பார்த்தேன், மறுபடி கல்லைப் பார்த்தேன். வண்டி இன்னும் ஒரு விரல் இறங்கினாலும் என்ன ஆகும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. பயந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

பாட்டு நின்று போன் அடித்தது. அவள்தான், அவளுக்கென்று தனி மணி வைத்திருந்தேன். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அப்போதுதான் கதவில் ஒட்டிய பதினேழு ஞாபகம் வந்தது. அவள் வந்தால்தான் நான் வெளியே போக முடியும். வந்தால் அந்த நம்பரைப் பார்ப்பாள். சாமி, அவள் வரட்டும் என்று ஒரு நிமிஷம் வேண்டினேன், வேண்டாம் என்று அடுத்த நிமிஷம் வேண்டினேன்.

மேளம் தூரமாகப் போய், தெரு அடங்கி வெகுநேரம் கழித்து, சந்தில் அவளுடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. குழிக்குள்ளிருந்து அவள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இன்னாங்க! போன் அடிச்சிக்கினே இருக்குது, எங்க போய்ட்டீங்க?"

கால்கள் வண்டியைச் சுற்றி வந்து ஓட்டுகிற கதவுக்குப் பக்கத்தில் நின்றன. நின்றவை நகரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இங்க இருக்கேம்மா. கீழ."

அவள் மண்டியிட்டுக் குனிந்தாள். முகம் பக்கவாட்டில் தெரிந்தது, என்னைப் பார்த்தது, கல்லையும் இரும்பையும் பார்த்தது.

"ஐயோ! அடி பட்டுக்கினீங்களா? எதாவது நசுங்கினு இருக்குதா?"

"இல்லம்மா. வெளிய வர முடியல, அவ்ளோதான்."

"எப்பத்துலேர்ந்து?"

"சாமி தெருவுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்து."

அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, பாட்டிலைத் தரையில் உருட்டி விட்டாள். நான் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன். பிறகு மேலேயிருந்து குரல் வந்தது.

"அந்தப் பதினேழு இன்னாத்துக்கு? வாங்கறவரு ஒட்டச் சொன்னாரா?"

நான் காலி பாட்டிலுக்கு மூடியைத் திருகினேன்.

"நாளைக்குப் போறதா இருந்தீங்களா?"

"போவலம்மா. சத்தியமா போவல. உன் தல மேல..."

"நிறுத்து." கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "குழிக்குள்ள குந்திக்கினு சொல்ற பதில் எனக்கு வேணாம். வெளிய வந்து சொல்லு. சாவி எங்க?"

"எதுக்கு?"

"வண்டியை முன்னால எடுக்கறேன்."

"ஐயையோ, வேணாம்! யாரையாவது கூப்புடு, நாலு பேரு தூக்கட்டும்."

"எல்லாரும் சாமி பின்னாடி போய்க்கினு இருக்காங்க. அண்ணன் ஷெட்டுலேர்ந்து அந்த ஜாக்கிய எடுத்தாரலாம்னா ரோடெல்லாம் ஜனம், நான் வரதுக்கே ஒரு மணி நேரமாச்சு. அதுக்குள்ள நீ வெந்துடுவ. லைசென்ஸ் எங்கிட்டயும் இருக்குது."

இருந்தது. எட்டு வருஷமாக இருந்தது. கியர் முரட்டுக் கியர், உன்னால் முடியாது என்று சொல்லிச் சொல்லி நான் ஒரு நாள்கூட அவளிடம் சாவி கொடுத்ததில்லை. பிரச்சினை கியர் மட்டும் இல்லை. வண்டி முன்னால் போனால் பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் இரும்பு உருண்டை என் தலைக்குமேல் போக வேண்டும். குழிக்குள் எப்படி உட்கார்ந்தாலும் என் உச்சந்தலை கல்லுக்கு மேலே தெரிந்தது. அதைச் சொன்னேன்.

"காலுக்குக் கீழ பழந்துணி அடச்சிக்கினு இருக்குது பாரு, எல்லாத்தையும் வாரிப் போடு," என்றாள். "மிதிக்கட்டை இருந்த எடம் அது. இன்னும் அரை அடி ஆழம்."

ஆறு வருஷமாக அந்தக் குழியில் இறங்கி ஏறியிருக்கிறேன், எனக்கு அது தெரியாது. அவள் அந்தத் தறியில் பதினைந்து வயதிலிருந்து நெய்தவள். எண்ணெய்த் துணியை எல்லாம் வாரி எறிந்தேன். காலை உள்ளே விட்டுச் சரிந்ததும் தலை கல்லுக்குக் கீழே போனது.

"சாவி வண்டியிலயே இருக்குது. ஸ்டியரிங்கை நேரா புடி. ஒரு முழம் திரும்பினாலும் சக்கரம் குழிக்குள்ள எறங்கிடும். கிளட்ச்சை மெதுவா..."

"நீ தலைய குனி," என்றாள்.

எஞ்சின் உறுமியது. புகை குழிக்குள் இறங்கியது. ஒரு முறை குலுங்கி நின்றுவிட்டது. எனக்கு உயிரே போனது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, நிறுத்தச் சொன்னாலும் கேட்காது. மேலே இரும்பு நகர்கிறது, மண் கழுத்தில் கொட்டுகிறது, அவ்வளவுதான் தெரிந்தது. என் கையில் எதுவும் இல்லை. பிடரி ஓரமாக ஏதோ சூடாகப் போனது. அப்புறம் முதுகில் வெளிச்சம் விழுந்தது.

ஏறி வந்தேன். கால் இரண்டும் மரத்துப்போய்த் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். ஜீப் கேட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கை விடவில்லை, அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தை மாதம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றபோதும் இப்படித்தான் நடுங்கியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் அவள் கையைப் பார்க்கவே இல்லை, வண்டியில் எங்கே ஒடுங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப சொல்லுங்க," என்றாள். மரியாதை திரும்பி வந்திருந்தது. "நாளைக்குப் போவீங்களா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வெளியே வந்த பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

"போவணும்னுதான் இருக்குது," என்றேன்.

அவள் தலையாட்டினாள். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள்.

"சரி, நானும் வரேன். எனக்கு பெல்ட் எங்க?"

"அந்தப் பக்கம் இல்லம்மா. கழட்டிட்டேன்."

"ஏன்?"

"ஓட்டறது நான் ஒருத்தன்தானே. ஒருத்தனுக்குத்தான் போட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, களைப்பாக இருந்தாள்.

"ஓ. உருண்டது நீங்க ஒருத்தருதான்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?"

மறுநாள் நான் போகவில்லை. போகாதே என்று அவள் சொல்லவில்லை, இன்றுவரைக்கும் சொன்னதில்லை.