ரப்பர் தவளையும் கோதையக்காவின் ‘ஆகாதுங்க’வும்

போன வாரம் ஒருநாள் காலை, பட்டறையில் மோல்டிங் மெஷின் சூடேறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் மாமா. “தம்பீ, உங்க அக்கா போயிட்டாங்க” என்றார். மெஷினை அணைத்துவிட்டுச் சிங்காநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்லர். கோதைநாயகி அம்மையார் கோவை மில் ஒன்றின் நூல் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று பார்த்துச் சொல்வதே எங்கள் வேலை. அவர் கணவரைத்தான் நான் மாமா என்பேன்.

அக்காவை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் அவர் தூண்டிலோடு ஏதாவதொரு குளத்தங்கரையில் நிற்பார். மாமா மரத்தடியில் கல்லடுக்கி, மிளகாய் அரைத்து, குழம்புக்குத் தயாராக உட்கார்ந்திருப்பார். “ஏனுங்க, பொம்பளைங்க தூண்டில் போடுவாங்களா?” என்று யாராவது கேட்டால், “மீனுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதுங்க” என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மில்லைப் பூட்டினார்கள். அக்காவுக்கு வேறொரு மில்லில் இடம் கிடைத்தது. நான் ஒரு பழைய மோல்டிங் மெஷினை வாங்கிப்போட்டு, மோட்டார் பம்புக்குச் சின்னச் சின்னச் சாமான்கள் அடித்துக் கொடுத்தேன். இரண்டாம் வருடமே ஆர்டர் படுத்துவிட்டது. அப்போதுதான் விரால் மீனுக்குத் தூண்டில் இரையாக ரப்பர் தவளை செய்யும் யோசனை வந்தது. தவளையைக் கண்டால் விராலுக்குப் பொறுக்காது, பாய்ந்து கவ்வும். வெளிநாட்டுத் தவளை ஒன்றின் விலை ஒரு வாரக் கூலி. என் தவளையைச் சினிமா டிக்கெட் விலைக்குத் தரலாம் என்று கணக்குப் போட்டேன். இது ஓடாவிட்டால் மெஷினை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு திருப்பூருக்குக் கூலி வேலைக்குப் போவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம்.

தவளை அடித்து, தூண்டில் போடுகிறவர்கள் பலரிடமும் மாதிரி கொடுத்தேன். “அருமைங்க” என்றார் ஒருவர். “பரவால்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க” என்றார் இன்னொருவர். பொள்ளாச்சியில் இருக்கும் என் மச்சான் “பிச்சுட்டீங்க போங்க” என்றார். அவர் அதைத் தண்ணீரிலேயே போடவில்லை, டிவி மேல் அழகுக்கு வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே அவர் சரக்கைக் குறை சொல்வது விருந்தாளியைப் பட்டினி போடுவதற்குச் சமம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நமக்கு வேண்டியதை நாலு பேர் சொல்லும்போது எந்த மடையன் சந்தேகப்படுவான்? ஒரு சாக்கு நிறைய அடித்துவிட்டேன்.

உக்கடத்தில் தூண்டில் சாமான் விற்ற கடைக்காரர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். “கோதையம்மா பாத்து நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டுமுங்க. சாக்கோட எடுத்துக்கறேன்.” எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம அக்காதானே! சாக்கை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அக்கா மேலாகக் கிடந்த தவளைகளை எடுக்கவில்லை. சாக்குக்குள் கைவிட்டு, அடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று உருவினார். “ஒரே நூல்கண்டை வெச்சு மில்லை எடை போடக் கூடாதுங்க தம்பி” என்றார். யாரிடமோ ஒரு வெளிநாட்டுத் தவளையும் வாங்கிக்கொண்டார். சூலூர்ப் பக்கத்துக் குளமொன்றில், ஒரே பாசி ஓரத்தில், அதையும் என்னுடையதையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்திருக்கிறார்.

பார்த்து முடித்தவர் நேரே கடைக்கு வந்தார். நானும் சாக்கோடு நின்றிருந்தேன்.

“தூரமாப் போய் விழுகுதுங்க. பாசியில சிக்கறதில்லீங்க. விராலும் அடிக்குதுங்க. ஆனா ஒடம்பு கல்லாட்டம் இருக்குது. கவ்வுனா நசுங்கறதில்லை, உள்ள இருக்கற தூண்டில் முள்ளு வெளிய வர்றதில்லை. மீன் துப்பிப்போட்டுப் போயிருதுங்க. இது ஆகாதுங்க.”

கூட வந்திருந்த மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அடிச்சுதுல்ல அம்மணி, அது போதாதா?” என்று இழுத்தார்.

“அடிச்சாப் போதுமுங்களா? கொழம்புல எதைப் போடறதுங்க?” என்றார் அக்கா.

கடைக்காரர் மரியாதையாகச் சாக்கை என் பக்கம் நகர்த்தினார். உள்ளதைச் சொன்னால் நொள்ளைக்கண்ணனுக்குக் கோபம் என்பார்களே, அன்று அந்த நொள்ளைக்கண்ணன் நான்தான். தெருவுக்கு வந்ததும் வெடித்தேன். “ஏனுங்கக்கா, அந்தாளு முன்னாடியா சொல்லோணும்? தனியாக் கூப்புட்டுச் சொல்லக் கூடாதுங்களா?”

“தனியாச் சொன்னா நீங்க வேற கடையில வித்துப்போடுவீங்க தம்பி. வாங்குனவன் ஒருக்கா ஏமாந்தான்னா ஊரெல்லாம் சொல்லுவான். அப்புறம் நீங்க தங்கத்துல தவளை செஞ்சாலும் ஒருத்தனும் தொட மாட்டானுங்க.”

வேறு கடையில் விற்றுவிடத்தான் நினைத்திருந்தேன். அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ!

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்துவிட்டார். ரப்பர்க் கலவையை மாற்றி மாற்றி அடித்தேன். ஆறிய ஒவ்வொன்றையும் இரு விரலால் அமுக்கிப் பார்த்தார். “பொக்கை வாய்க் கெழவி கடிச்சாலும் நசுங்கோணுமுங்க” என்று திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றுப் பக்கத்தை மெல்லிசாக்கச் சொன்னதும் அவர்தான். அதற்காகத் தவளை வார்க்கும் அச்சைத் திரும்பக் குடையக் கொடுத்தோம். புதுத் தவளையையும் அதே குளத்தில் வீசினார். அன்று நானும் கரையில் நின்றேன். தண்ணீர் படாரென்று வெடித்தது, தூண்டில் வளைந்தது, மாமா கரண்டியோடு ஓடி வந்தார். அந்த விராலின் ருசியை இன்னும் நான் மறக்கவில்லை.

கடைக்காரரிடம் அக்கா சொன்னது ஒரே வார்த்தை: “ஆகுமுங்க.” அந்த வார்த்தையில்தான் என் வீட்டு அடுப்பு இன்றுவரை எரிகிறது. என் பிள்ளைகள் இந்த ஊரிலேயே படித்து ஆளானார்கள். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன்?

இந்த வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவர்கள் எல்லோரும், “ரெண்டு நாள்ல ஊட்டுக்குப் போயிரலாமுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமாவும் அதையே சொன்னார், பாவம். டாக்டர் எங்களிடம் சொன்னது வேறு.

ஒருநாள் மாமா டீ வாங்கப் போன நேரம் அக்கா என் கையைப் பிடித்தார். “தம்பி, எல்லாரும் என் ஒடம்பு நல்லாருக்குதுன்னே சொல்றாங்க. நீங்க சொல்லுங்க.”

பொய் நாக்கு நுனியில் இருந்தது. இவருக்கா பொய் சொல்வது? “இல்லீங்கக்கா. டாக்டர் கைவிட்டுட்டாருங்க” என்றேன். சொல்லிவிட்டு நான்தான் அழுதேன்.

அக்கா தலைமாட்டிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, “டெல்லியில இருக்கற புள்ளைகிட்ட ஒடம்பு தேவலைன்னு சொல்லி வெச்சிருக்கேனுங்க. இப்பவே போன் போட்டு வரச் சொல்லிருங்க” என்றார். மகள் மறுநாளே கிளம்பிவிட்டார். கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டதும், கஞ்சி ஊட்டியதும் அவர்தான். ஒரு மாலை நான் போனபோது தாயும் மகளும் ஒரே கட்டிலில் நெருக்கிப் படுத்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகாமல் வாசலோடு திரும்பிவிட்டேன்.

சாவு வீட்டில் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது என்பது நம் வழக்கம். அன்று நானும் ஒன்றும் சொல்லாமல்தான் வந்தேன். ஆனால் அக்கா, உங்களிடம் சொல்லாமல் வந்தது மனதுக்கு ஆகவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன்.

வாரேனுங்கக்கா.