ஐஸ் திறந்திருந்தது, சைட் மூடியிருந்தது

ஓல்ட்வீர் ஊரின் ஐஸ் சறுக்கு கிளப்பின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை வீட்ஸ்கேயிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரே காரணம், அவள் கழிப்பறைக்குப் போனதுதான். பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று தலைவர் சீப்ரன் கேட்டார். எல்லாரும் அவளுடைய காலி நாற்காலியைக் காட்டினார்கள். அவள் கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவளும் தட்டினாள்.

பகலில் அவள் மாட்டுத் தீவனக் கம்பெனியில் போன் எடுப்பவள். தீவனத்தை மாடு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று கத்தும் விவசாயிகளைச் சமாதானப்படுத்திப் பழகியவளுக்குச் சர்வர்கள் ஒன்றும் பெரிய விஷயமில்லை. உட்கார்ந்து படித்தாள், கற்றுக்கொண்டாள். முன்னால் ஒரு வெப் சர்வர். ஊர்க்காரர்கள் போனில் தட்டினால் வந்து நிற்பது அதன் வாசலில்தான். பின்னால் ஒரு அப்ளிகேஷன் சர்வர். உண்மையில் பதில் தெரிந்தது அதற்குத்தான். ஐஸ் திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு. அவ்வளவுதான் மொத்தத் தளமும்.

சிவப்பைப் பச்சையாக்க ஒரு பட்டன் வைக்கக் கூடாதா என்று, ஐஸ் ஆள் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் ஐஸ் மேஸ்திரி டௌவே கேட்டதுண்டு. ஐஸே அபூர்வமாக வரும் ஊருக்குப் பட்டன் எதற்கு என்று விட்டுவிட்டாள். அதனால், சறுக்குவதற்காகப் புல்வெளியில் தேக்கி வைத்த தண்ணீர் உறையும்போதெல்லாம் புரோகிராமில் ஒரு வரியை மாற்றி, மொத்தத்தையும் புதிதாகக் கட்டி, பின்னால் இருக்கும் சர்வரில் ஏற்றுவாள். ஏற்றுவாள், அது விழும், மறுபடி ஏற்றுவாள். பச்சையைப் பார்த்துவிட்ட ஊர் வெளியே சறுக்கிக்கொண்டிருக்கும். இவள் கிளப் கொட்டகையில் ஹீட்டர் பக்கத்தில் லேப்டாப்போடு இருப்பாள். நிமிரும்போது ஐஸ் உருகியிருக்கும். இந்த வேலை வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒரு குளிர்காலத்தில்கூட அவள் சறுக்கியதில்லை. அவளுடைய ஸ்கேட்ஸ் இன்னும் கடை வாசனை அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டௌவே போன் செய்தார்.

"வீட்ஸ்கே, ஐஸ் புடிச்சிருச்சு. நல்லா கெட்டியா இருக்கு."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"மத்தியானம் மழைன்றாங்க. அதுக்கப்புறம் இந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்."

அவள் கொட்டகைக்கு ஓடினாள். வரியை மாற்றினாள். கட்டினாள். ஏற்றினாள். பின்னால் இருக்கும் சர்வரிடம் நேராகப் போய்க் கேட்டுப் பார்த்தாள். பச்சை. முதல் முயற்சியிலேயே பச்சை. லேப்டாப்பை மூடிவிட்டு ஸ்கேட்ஸை எடுத்தாள். இடது காலில் மாட்டி இறுக்கிக் கட்டி முடித்தபோது டௌவே ஜன்னலைத் தட்டினார்.

"யாரும் வரல."

"கரை முழுக்கக் கூட்டமா இருக்கே."

"இருக்கு. நின்னுக்கிட்டே இருக்கு."

ஒரு காலில் ஸ்கேட்டும் மறு காலில் கம்பளிக் காலுறையுமாக அவள் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கி நொண்டிக்கொண்டு கரைக்குப் போனாள். ஊர் மொத்தமும் தோளில் ஸ்கேட்ஸைத் தொங்கவிட்டபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. டௌவே ஐஸின் நடுவில் போய் நின்றார்.

"வாங்கப்பா. நான் ஐஸ் மேலதான் நிக்கிறேன்."

"தெரியுது டௌவே," என்றார் ஒருவர். "ஆனா மூடியிருக்குன்னு போட்டிருக்கே."

டௌவே குதித்துக் காட்டினார். ஐஸ் அசையவில்லை. கூட்டமும் அசையவில்லை.

"நீ எவ்வளவு குதிச்சாலும் அது திறப்பு ஆகாது," என்றார் தலைவர் சீப்ரன். "சைட்ல வர்றதுதான் செல்லும். நாமளே போட்ட தீர்மானம்."

அவர் சொன்னது சரிதான். முன்னொரு வருஷம் டௌவே திறந்தாச்சு என்று கத்த, இன்னொருவர் இல்லை என்று கத்த, இரண்டு குடும்பங்கள் ஈஸ்டர் வரை பேசிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் வந்த தீர்மானம் அது. எழுதியவர் சீப்ரன், மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

"எனக்குப் பச்சையா காட்டுதே," என்றாள் வீட்ஸ்கே.

"எனக்குச் சிவப்பு," என்று தலைவர் போனை நீட்டினார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. போன முறை ஊரே ஒரே நேரத்தில் தட்டியதில் பின்னால் இருந்த சர்வர் மூச்சுமுட்டி விழுந்தது. அதற்காக முன்னால் நிற்கும் வெப் சர்வரிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தாள்: ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் கேட்காதே, ஒரு தடவை கேட்ட பதிலை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிரு. சொன்ன பேச்சைத் தட்டாமல் அது நேற்றைய சிவப்பையே காட்டிக்கொண்டிருந்தது. அவளோ பின்வாசல் வழியாகப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கூட்டம் கேட்டது.

"இப்ப கிரீட்யா சூப் கடைய எடுத்துக்கோங்க," என்று அவள் பட்டாணி சூப் கூடாரத்தைக் காட்டினாள். "உள்ள அவ புருஷன் புது சூப் காய்ச்சிட்டான். முன்னாடி நிக்கிற கிரீட்யா திரும்பிக்கூடப் பார்க்காம, நேத்து சொன்ன 'சூப் இல்ல'யவே இன்னைக்கும் சொல்லிட்டிருக்கா."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றாள் கிரீட்யா கரண்டியோடு.

"உதாரணத்துக்குச் சொன்னேன்டி."

"உதாரணத்துக்கு உன் தீவனத்தச் சொல்ல வேண்டியதுதானே."

வீட்ஸ்கே கரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து, முன்னால் நிற்பதன் ஞாபகத்தைத் துடைத்தாள். அது இனி பதிலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னாள். யாரோ ஒருவர் போனில் பச்சை தெரிந்தது. "பச்சை, பச்சை," என்று அவர் சொன்னதுதான் தாமதம், கரையில் இருந்த அத்தனை விரல்களும் ஒன்றாகத் தட்டின. பின்னால் இருந்த சர்வர் ஒரே அமுக்கில் படுத்துவிட்டது. இப்போது எல்லார் போனிலும் வெள்ளைப் பக்கம், நடுவில் 502 என்று ஒரு எண்.

"இது என்ன கலரு?" என்றார் டௌவே.

"முன்னாடி நிக்கிறது உள்ள கூப்பிடுது, உள்ளயிருந்து சத்தமே இல்லன்னு அர்த்தம்."

மறுபடி எழுப்பினாள். எழுந்த வேகத்தில் விழுந்தது.

"எல்லாரும் கொஞ்சம் போனை உள்ள வைங்க," என்று கெஞ்சினாள். "நீங்க தட்டத் தட்ட அது எந்திரிக்காது."

"உள்ள வெச்சா, எந்திரிச்சிருச்சான்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. எல்லாரும் தெரிந்துகொள்ளத் தட்டினார்கள். மேற்கே மேகம் திரண்டு வந்தது. வீட்ஸ்கே ஐஸைப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லாமல், கறுத்து, பளபளவென்று கிடந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வருஷமும் போச்சு. அழுகை முட்டியது. அப்போதுதான் கரையைச் சுற்றிப் பார்த்தாள். கிளப்பின் உறுப்பினர் ஒருத்தர் விடாமல் அங்கே இருந்தார்கள்.

"தலைவரே, அந்தத் தீர்மானத்த யாரு மாத்தலாம்?"

"பொதுக்கூட்டம் மட்டும்."

"இது என்ன பின்ன?"

சீப்ரனின் முகம் பூத்தது. கூட்டம் என்றால் அவருக்கு உயிர். மடக்கு நாற்காலியின் மேல் ஏறி, அவசரப் பொதுக்கூட்டம் தொடங்குவதாக அறிவித்தார். போன கூட்டத்தின் குறிப்பை ஏற்கிறீர்களா என்று கேட்டார். ஏற்றார்கள். ஒருவர் கொட்டகைக் கழிப்பறைக் கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை என்று புகார் எழுப்பினார். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் ஆழமாகப் பேசினார்கள். வீட்ஸ்கே மூக்கில் முதல் தூறல் விழுந்தது.

"தலைவரே, மழை."

"அது நிகழ்ச்சி நிரல்ல இல்லம்மா."

கடைசியில் தீர்மானம் வந்தது. இன்று ஒரு நாள் மட்டும், திறப்பதற்கு மட்டும், சைட் தேவையில்லை, ஐஸ் மேஸ்திரி சொன்னால் போதும். கைகள் உயர்ந்தன. எதிர்த்த ஒரே கை கிரீட்யாவுடையது. நிற்கிற கூட்டம்தான் சூப் குடிக்கும் என்பது அவள் வாதம்.

"திறந்தாச்சு," என்று கத்தினார் டௌவே. ஊர் கரையிலிருந்து ஐஸ் மேல் கொட்டியது.

"வீட்ஸ்கே, இந்தத் தீர்மானத்த உடனே சைட்ல ஏத்தணும்," என்றார் சீப்ரன்.

"இதக் கொஞ்சம் புடிங்க." லேப்டாப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் வலது கால் ஸ்கேட்டைக் கட்டினாள். அவசரத்தில் முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது.

முதல் அடியிலேயே விழுந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். ஒரு சின்னப் பெண் பின்னோக்கியே சறுக்கி அவளைத் தாண்டிப் போய், "முட்டிய மடக்குங்க அத்தை," என்றது. மடக்கினாள். கால்கள் தானாக ஓட ஆரம்பித்தன. காற்று காதுக்குள் புகுந்தது. வாயை மூட முடியாமல் சிரித்துக்கொண்டே ஒரு சுற்று முடித்தாள்.

மழை வலுத்தது. எல்லாரும் சூப் கூடாரத்துக்கு ஓடினார்கள். ஐஸின் மேல் தண்ணீர் படர்ந்தது. வீட்ஸ்கே மட்டும் போய்க்கொண்டிருந்தாள். சீப்ரன் லேப்டாப்பைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு கரையில் நின்றார்.

"டௌவே, மூடுய்யா. மழை கொட்டுது."

"நான் எப்படித் தலைவரே மூடறது? திறக்கத்தான் எனக்கு அதிகாரம் குடுத்தீங்க. மூடறதுக்கு சைட்ல சிவப்பு வரணும்."

"சைட் வெள்ளையா இருக்கே."

"அப்ப திறந்திருக்குன்னு அர்த்தம்."

தலைவர் யோசித்தார். தான் எழுதிய தீர்மானத்தில் ஓட்டை இல்லை என்பதில் அவருக்குப் பெருமை அதிகம்.

"வீட்ஸ்கே," என்று கூப்பிட்டார். "சர்வரை எப்படி எழுப்பறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா."

"அடுத்த சுத்துல சொல்றேன்," என்றாள் அவள், கணுக்கால் வரை தண்ணீரைத் தெறிக்கவிட்டுத் தாண்டிப் போனபடி.