ஓரின் வாய் திறந்து எலும்பு கேட்ட நாள்

எங்கள் ஊரில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டிகளின் டிப்போவில் ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டுகிற ஓரின் பெர்க்லண்டைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று மூன்று நாளாக விரல் துறுதுறுக்கிறது. வயது ஐம்பத்தேழு. கல்யாணம் ஆகவில்லை. உயரம் ஆறடி மூன்று அங்குலம். அவ்வளவு பெரிய உடம்புக்குள் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் ஊறாது. டிப்போவில் வண்டிகளோடு பேசுகிற ரேடியோவைக் கவனித்துக்கொள்வது என் வேலை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். மற்ற டிரைவர்கள் மான் குறுக்கே வந்தது, மனைவி திட்டியது, காலையில் தின்ற முட்டை சரியில்லாதது எல்லாவற்றையும் ரேடியோவில் கொட்டுவார்கள். ஓரின், "ஏழு. கிளம்பிட்டேன்" என்பார். ஐந்து மணி நேரம் கழித்து, "ஏழு. வந்துட்டேன்." முடிந்தது.

இருபத்தாறு வருஷத்தில் சாலையோரத் தபால் பெட்டி ஒன்றே ஒன்றை இடித்திருக்கிறார். அதற்குப் பரிகாரமாக அந்த வீட்டு வாசல் பனியை இன்றுவரை தன் சொந்த டிராக்டரில் வந்து தள்ளிக் கொடுக்கிறார். அந்த வீடு மூன்று கை மாறிவிட்டது. இப்போது குடியிருப்பவர்களுக்கு இந்த ராட்சசன் யார், எதற்காக வருகிறார் என்றே தெரியாது. ஜன்னல் வழியாகப் பயத்தோடு கை காட்டுவார்கள். இவரும் காட்டுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் ஒரே ஒரு விஷயத்தில் பெயர் இருந்தது. சூப்! நவம்பர் கடைசியில் குடும்பம் கூடி வான்கோழி சாப்பிடுகிற தேங்க்ஸ்கிவிங் விருந்து எப்போதும் வியாழக்கிழமை. அன்று அவருடைய அக்கா கார்லா வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த வான்கோழியின் எலும்புக்கூட்டை ஓரின் வாங்கிப் போவார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை டிப்போ அடுப்பில் ஒரு பெரிய பாத்திரம் இருக்கும். பனி தள்ளிவிட்டு விரல் மரத்துப்போய் வருகிற டிரைவர்கள் பதினோரு பேரும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குடிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பாத்திரம் இருக்கும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் கார்லா வீட்டை விற்றுவிட்டு, இனி ஆயுசுக்கும் பனியைப் பார்க்க மாட்டேன் என்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். மூன்றாம் நம்பர் வண்டி டிரைவர் டுவேனுக்குக் கேலி பண்ணக் கேட்கவா வேண்டும்?

"டேய் ஓரின், உங்கக்காவும் போயாச்சு, வான்கோழியும் போயாச்சு. இந்த வருஷம் மெஷின்ல காசு போட்டு சிப்ஸ் தின்ன வேண்டியதுதான்."

"பாக்கலாம்."

"என்னத்தடா பாக்கலாம்? முழுக்கோழிய நீயே சுட்டு ஒத்த ஆளா உக்காந்து தின்னப் போறியா? உன் வீட்டு ஓவன்ல பூட்ஸ்தானேடா காயுது?"

"பாக்கலாம்," என்றார் ஓரின் மறுபடியும். காது மட்டும் சிவந்தது. இந்த மனிதருக்கு இருப்பது அந்த சூப் ஒன்றுதானே!

நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா டொலோரஸ் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நர்ஸ். நியூ ஜெர்சியிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. இந்த வருஷம் வான்கோழி சுடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓரினையும் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? கூப்பிடு!" என்றார்.

முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டேன். முதல் தடவை, "வேணாம்மா, உங்களுக்குச் சிரமம்" என்றார். இரண்டாவது தடவை, "பரவால்லம்மா, வீட்ல ரொட்டி இருக்கு." மூன்றாவது தடவை, "நீ இவ்வளவு தூரம் சொல்றதால வர்றேன்." மினசோட்டாவில் எங்கள் பக்கம் எதையும் இப்படித்தான் வாங்கிக்கொள்வோம். முதல் அழைப்புக்கே தலையாட்டினால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். ஒரு கப் காப்பிக்குக்கூட இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் மூன்றே பேர். எட்டு கிலோ வான்கோழி.

"நியூ ஜெர்சில எங்கம்மா வீட்ல பதினாறு பேரு," என்றார் டொலோரஸ். "கொஞ்சமா சமைக்க எனக்குக் கையே வராது. தின்னுங்க, தின்னுங்க!"

ஓரின் நன்றாகச் சாப்பிட்டார். ஆனால் கண் தட்டில் இல்லை. மேஜை நடுவே சதை குறையக் குறைய வெளியே வந்துகொண்டிருந்த அந்த எலும்புக்கூட்டைத்தான், குழந்தை காத்தாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு இருக்கிறது, முதுகில் இன்னும் நிறைய சதை ஒட்டியிருக்கிறது, இறக்கை முழுசாக இருக்கிறது. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

டொலோரஸே ஆரம்பித்தார். "ஓரின், நீங்க சூப் வெப்பீங்களாமே, இவ சொன்னா. இந்த எலும்ப எடுத்துட்டுப் போறீங்களா?"

அவர் முகத்தில் விளக்கு எரிந்தது. வாய் மட்டும் பழக்கத்தில், "இல்லைங்க, நீங்களே வெச்சுக்கோங்க" என்றது.

"எனக்கு எதுக்கு? எடுத்துக்கோங்களேன்."

"பரவால்லைங்க. உங்களுக்கு உதவும்."

இரண்டு ஆயிற்று. இனி மூன்றாவது. ஓரின் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டார். கை தட்டை வாங்கத் தயாராக மேஜைமேல் வந்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, அப்ப குப்பைக்குத்தான்," என்று டொலோரஸ் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டார்!

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் இந்த ஊர்க்காரிதானே. ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் ஆசையை அவர் எதிரிலேயே போட்டு உடைப்பதா? அதைவிட மேஜைமேல் ஏறி ஆடலாம். ஓரின் காலியான மேஜை நடுவைப் பார்த்தார். நான் என் முள்கரண்டியைப் பார்த்தேன்.

விடைபெறும்போது வாசலில் நின்று அரைமணி பேசுவது எங்கள் வழக்கம். அன்று ஓரின் அந்த அரைமணியில் ஒரு நொடியைக்கூட வீணாக்கவில்லை.

"குளிர் ஏறுது," என்றார்.

"ஆமா," என்றார் டொலோரஸ்.

"நாளைக்குப் பனி கொட்டும்ங்கறாங்க. பசங்க விறைச்சுப் போய் வருவாங்க."

"அடப் பாவமே. காது மூடற மாதிரி தொப்பி போட்டுக்கச் சொல்லுங்க."

"பெரிய பறவை," என்றார் ஓரின்.

"எது?"

"வான்கோழி."

"எட்டு கிலோவாச்சே!"

"எலும்பும் பெருசு."

"பெருசுதான்," என்று டொலோரஸ் ஒரு கொட்டாவி விட்டார்.

ஓரின் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆனால் நகரவில்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தோம். ஓரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வண்டி மக்கர் பண்ணுதா?" என்றார் டொலோரஸ்.

"இல்ல."

"அப்ப ஏன் நிக்கறாரு?"

"யோசிக்கறாரு."

"என்னத்த?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். "கொஞ்சம் பொறுங்களேன்."

இன்ஜின் அணைந்தது. மறுபடி உயிர் பெற்றது. மறுபடி அணைந்தது. பதினைந்து நிமிஷம்! கடைசியில் வண்டிக் கதவு திறந்தது. வாசல் கதவு தட்டப்பட்டது. தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு ஓரின் நின்றார்.

"எதையாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டார் டொலோரஸ்.

"ஆமா. இல்ல."

"ஆமாவா, இல்லையா?"

ஓரின் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். "எனக்கு அந்த எலும்பு வேணும்."

நான்கே வார்த்தை. ஐம்பத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் இன்னொருவரிடம் 'வேணும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று சத்தியம் பண்ணுவேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை எழுதும்போதும் வருகிறது, என்ன செய்ய!

டொலோரஸுக்கு வந்ததோ கோபம். "அப்ப ஏன்யா வேணாம்னே?"

"ரெண்டு தடவதானே கேட்டீங்க," என்றார் ஓரின், தரையைப் பார்த்து.

டொலோரஸ் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"மூணு தடவையா? எங்க ஊர்ல ஒரு தடவ கேக்கறதே பெருசு! ரெண்டாவது தடவ கேட்டேன்னா அது உன் மேல இருக்கற மரியாதைக்காகய்யா!"

"குப்பையில போட்டுட்டீங்களா?" ஓரினின் குரல் இருந்த இடம் தெரியவில்லை.

"குப்பை வண்டி நாளைக்குத்தானே வரும்? வெளிய வெச்சா நாய் இழுக்கும்னு தட்டோட மூடி கராஜ்ல வெச்சிருக்கேன். அங்க ஐஸ் பெட்டி தோத்துப்போகும். ஆமா, இவ்வளவு பெரிய எலும்ப வேகவைக்கப் பாத்திரம் இருக்கா?"

"இருக்கு."

"வீட்லயா?"

"வண்டியில."

போய் எடுத்து வந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுக்கு ஒரு பாத்திரம். உள்ளே கேரட், செலரி, வெங்காயம், எங்கள் ஏரிகளில் விளைகிற கறுப்புக் காட்டரிசி ஒரு பொட்டலம். டொலோரஸ் சிரித்த சிரிப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேரட்டோட வந்துட்டு வேணாம்னு சொன்னியே, மனுஷா! இங்கேயே வை. நான் பாக்கணும்."

ஒரே தடவைதான் சொன்னார். "இல்லைங்க, உங்களுக்கு..." என்று ஆரம்பித்த ஓரின் நிறுத்தினார். "சரி," என்றார்.

அதன்பிறகு நடந்தது எனக்கே புதுசு. அடுப்பு முன்னால் நின்றதும் ஓரின் பேசத் தொடங்கிவிட்டார்! எலும்பில் ஒட்டிய சதையை விரலாலேயே உருவி ஒரு கிண்ணத்தில் சேர்த்தார். "இத இப்ப போடக் கூடாதுங்க, நாராப் போயிரும். கடைசிலதான்." முதுகெலும்பை இரண்டாக முறித்துப் பாத்திரத்தில் வைத்து, மூழ்கும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றினார். வெங்காயத்தைத் தோலோடு பாதியாக வெட்டிப் போட்டார். தோல் இருந்தால்தான் சூப்புக்குப் பொன் நிறம் வருமாம். கேரட், செலரி, ஒரு பிரிஞ்சி இலை, பத்துப் பதினைந்து மிளகு. உப்பு கிடையாது.

"உப்பில்லாம என்ன சூப்பு?" என்றார் டொலோரஸ்.

"வத்தறதுக்கு முன்னாடி போட்டா அப்புறம் கடலாயிரும். வாய்ல வெச்சுப் பாத்துட்டுதான் போடணும்."

தண்ணீர் சூடேறியதும் தீயைக் குறைத்தார். தளதளவென்று கொதிக்கவே விடவில்லை. மேலே நுரை கட்டக் கட்டக் கரண்டியால் வழித்தார். மூன்று மணி நேரம். வீடு முழுக்க அந்த வாசனை ஏறி, என் மாடி அறைத் தலையணை வரை போய் உட்கார்ந்துகொண்டது. வடிகட்டி, பாத்திரத்தோடு கொல்லைப் பனியில் இறக்கினார். கொழுப்பு தானாக மேலே உறைந்ததும் தட்டுப்போல எடுத்துப் போட்டார்.

சண்டை காட்டரிசியில் வந்தது.

"இந்தக் கறுப்புக் குச்சியையா போடப் போறே? சின்ன பாஸ்டா போடு. எங்கம்மா அதான் போடுவா," என்றார் டொலோரஸ்.

"மாவு கரைஞ்சு கஞ்சியாயிரும்ங்க."

"உன் குச்சி மட்டும் சும்மா இருக்குமா? இருக்கற சூப்பையெல்லாம் குடிச்சிட்டு ஊதி உக்காந்திருக்கும்."

"அதனாலதான் தனியா வேகவெச்சு, தனியா எடுத்துட்டுப் போவேன்."

"அப்ப என் பாஸ்டாவும் தனியாப் போகும். யாருக்கு எது வேணுமோ அவங்க கிண்ணத்துல அவங்க போட்டுக்கட்டும்."

ஓரின் காட்டரிசிப் பொட்டலத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷ சூப் ஆயிற்றே. "சரிங்க," என்றார்.

மறுநாள் முக்கால் அடி பனி. விடிவதற்கு முன்பே வண்டிகள் எல்லாம் கிளம்பின. ஓரின் பாத்திரத்தை டிப்போ அடுப்பில் வைத்துவிட்டு என்னிடம், "ஏழு மணிக்கு மேல அடுப்பப் பத்த வைம்மா. கொதிக்க விட்றாத. கோழிக்கறிய கடைசிலதான் போடணும்" என்றார். டிப்போவுக்குள் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. டுவேன் அவரை நம்பாமல், வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறையக் கொத்துக்கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு கொண்டுவந்து பக்கத்து அடுப்பில் வைத்திருந்தார். "ஒரு பாதுகாப்புக்கு," என்றார் கண்ணடித்து.

ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். மூக்கு சிவந்து, மீசையில் பனி தொங்க. மூடியைத் திறந்ததும் அறை அமைதியானது. பிறகு உறிஞ்சுகிற சத்தம் மட்டும். காட்டரிசிக்கு ஆறு பேர், பாஸ்டாவுக்கு மூன்று பேர். இரண்டையும் கலந்து அடித்தவர் டுவேன். நாலு கிண்ணம்! "அக்கா போனா என்ன, கை இங்கதானே இருக்கு," என்றார் வாய் நிறைய.

ஏரிச் சாலையில் பள்ளத்தில் இறங்கிய ஒரு காரை இழுத்துவிட்டு ஓரின் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. பாத்திரத்தில் கரண்டியை விட்டால் டங்கென்றது. பத்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். அவருக்கு எடுத்து வைக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று.

ஓரின் பாத்திரத்தைச் சாய்த்து அடிவரை பார்த்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தார், ஆசைக்கு. பிறகு பக்கத்து அடுப்பைப் பார்த்தார். டுவேனின் சட்டி விளிம்பு வரை அப்படியே இருந்தது. ஒருவரும் தொடவில்லை. டுவேன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஓரின் ஒரு கிண்ணத்தை எடுத்தார். டுவேனின் குழம்பை நிறைய ஊற்றிக்கொண்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"டேய், உனக்கு பீன்ஸ் ஆகாதேடா," என்றார் டுவேன்.

"ஆமா," என்று ஓரின் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

டுவேன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார்.