கருக்கலின் பெண்குட்டிகள்

குதிரைப் பண்ணையில் எல்லோரும் அவளைக் குட்டிக்காரி என்றே கூப்பிட்டார்கள். சினைக்குதிரைகளின் பிரசவம் பார்ப்பது அவள் வேலை. குட்டியின் தலை மடங்கிக் கிடக்கிறதா, கால் நேராக வருகிறதா என்று உள்ளே கைவிட்டதும் சொல்லிவிடுவாள். அவள் முதலாளியின் இரண்டாம் தாரத்து மகள் என்பது அந்தப் பட்டப்பெயருக்குள் மறைந்துபோனது. மூத்த தாரத்து அண்ணனுக்கு அதுவே வசதியாக இருந்தது.

அப்பா போனார். துக்கத்துக்கு வந்த சொந்தமெல்லாம் கலைந்த பிறகு பண்ணை அலுவலகத்தில் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"எனக்குன்னு என்ன இருக்குண்ணே?"

"நம்ம தொழில் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு தாய் வயித்துல பிறந்தாத்தான் கூடப்பிறந்தது. அப்பன் ஒண்ணா இருந்தா அது கணக்கே இல்ல. நம்ம கிழவன் குதிரைக்கு முந்நூறு குட்டி. எல்லாம் அண்ணன் தங்கச்சியா?"

சொல்லிவிட்டு அண்ணன் சிரிக்க, பக்கத்தில் இருந்த கணக்கரும் சிரித்தார். எஜமான் சிரித்தால் சிரிப்பதும் சம்பளத்தில் சேர்த்திதான்.

"வெறுங்கையோட போகாத. அந்த ஒத்தைக்கண்ணிய ஓட்டிட்டுப் போ" என்றார் அண்ணன்.

ஒத்தைக்கண்ணி, அப்பா கடைசிக் காலத்தில் வெளியிலிருந்து வாங்கி வந்த குதிரை. இடதுகண் பால்போல வெளுத்திருக்கும். அதுவரை சினை நின்றதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குட்டிக்காரி வாசலைத் தாண்டினாள். அழவில்லை. அழுதால் ஆறிவிடுமோ என்று பயந்தாள்.

ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பிரசவம் பார்த்தாள். ஒருவர் கூலிக்குப் பதிலாக, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த தன் பொலிகுதிரையைச் சேர விட்டார். வெளியூரிலிருந்து வந்தது; வேகமிருந்தும் யாரும் சீந்தாத குதிரை. கிட்டே போனால் கடிக்கும். ஒத்தைக்கண்ணி அதோடு சேர்ந்து, யாரும் எதிர்பாராமல் சினை நின்றது. பொழுது சாயும் நேரத்து நிறத்தில் ஓர் ஆண்குட்டி விழுந்தது. கருக்கல் என்று பெயர் வைத்தாள்.

பந்தயக் குதிரைகளைப் பழக்கும் கோச் ஒருவர் கருக்கலைப் பாதிப் பங்குக்கு எடுத்துக்கொண்டார். முதல் பந்தயத்தில் கதவு திறந்ததும் மற்றவை பாய, இது யோசித்து நின்றது. ஜாக்கி வைது முடிப்பதற்குள் கிளம்பி, கடைசி வளைவில் எல்லாவற்றையும் விழுங்கியது. அதற்கப்புறம் தோற்கவில்லை. அந்தப் பருவத்தின் பெரிய பந்தயத்தில் அண்ணன் பண்ணைக் குதிரையை ஒரு கழுத்து நீளத்தில் முந்தியது. கருக்கல் எல்லைக்கோட்டைத் தாண்டியதை அவள் பார்க்கவில்லை. மாடத்தில் அண்ணனுடைய பைனாகுலர் மெல்லத் தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போதவில்லை.

மறு வருடம் முன்கால் தசைநார் வீங்க, கருக்கல் ஓட்டத்தை விட்டுப் பொலிகுதிரையானது. இனி அதன் பேர் நிற்பதும் நிற்காததும் முதல் சில வருடக் குட்டிகளைப் பொறுத்தது. நல்ல குட்டி வேண்டுமென்றால் நல்ல தாய் வேண்டும். நல்ல தாய்க்குதிரைகளோ அண்ணனிடம் இருந்தன.

"அந்தாளு கார் என் வாசல்ல நுழையக்கூடாது" என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

கோச் தலையில் அடித்துக்கொண்டார். "உன் கோபத்துக்கு இந்தப் பிள்ளைய ஏம்மா பட்டினி போடற? நொண்டிகளோட சேத்தா நொண்டிதான் பிறக்கும்."

அண்ணனுக்கும் தலைக்கு மேல் வெள்ளம். அவரிடமிருந்தவை எல்லாம் கிழவன் குதிரையின் மகள்களும் பேத்திகளும். சுற்றுவட்டாரத்தில் பேர்சொல்லும் பொலிகுதிரைகளோ கிழவனின் மகன்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாமன், சித்தப்பன். ஒட்டு உறவில்லாத, பந்தயம் ஜெயித்த ரத்தம் கருக்கலிடம்தான் இருந்தது. கடைசியில் கார் வந்தது.

"தங்கச்சி, நல்லா இருக்கியாம்மா?"

"முந்நூறுல எத்தனாவது தங்கச்சிண்ணே?"

அண்ணன் அசடு வழியச் சிரித்தார். "பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. என்ன விலைன்னு சொல்லு."

"காசு வேண்டாம். அஞ்சு பருவத்துக்கு நான் சொல்ற குதிரைங்களை அனுப்பு. அதுங்க வேற எதோடவும் சேரக்கூடாது. ஆண்குட்டி உனக்கு. பெண்குட்டி எனக்கு."

பெரிய பந்தயம் ஜெயிப்பதும் ஆண், பொலிக்கு நிற்பதும் ஆண் என்று அண்ணன் மனம் கணக்குப் போட்டது. "பொம்பளைக்குப் பொம்பளைப் புள்ள மேலதான் ஆசை" என்று கோச்சிடம் கண்ணடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

குதிரைக் குடும்பம் தாய்வழியில்தான் எண்ணப்படும். மகள் இல்லாத தாய் கிழடு தட்டினால் அந்தக் குடும்பம் அந்தப் பண்ணையில் முடிந்தது. அவள் பார்த்துப் பார்த்துக் கேட்டவையெல்லாம் பண்ணையில் மகள் தங்காத, வயதேறிய, பேர்போன தாய்கள். ஐந்து பருவம் முடிந்தால் அவற்றின் வயிறும் முடிந்துவிடும். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாததல்ல. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், பாடமும் அறியாது.

முதல் பருவத்துக் குட்டிகள் பால் மறந்ததும் அவள் லாரியோடு போனாள். லாயத்தில் அந்த வருடம் பெண்குட்டிகளே அதிகம். அண்ணன் அப்போதுதான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்; முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துக்கம்மா. இந்தச் செவலையோட குட்டிய மட்டும் விட்டுடு. அப்பா செல்லமா வளர்த்தது. அதுக்கு இனிமே குட்டி நிக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

செவலையை அதன் தாய் வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டவளே அவள்தான். அது வேலியருகே வந்து அவள் தோளை முகர்ந்தது. ஒரு கணம் அவள் கை அதன் நெற்றிக்குப் போனது.

"உன் கால்ல வேணா விழறேம்மா."

நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். "ஏத்துங்க" என்றாள் ஆட்களிடம்.

பலகை மூடியதும் உள்ளே குட்டி கனைத்தது. செவலை வேலியோரமாக ஓடி ஓடிக் கத்தியது. அண்ணன் அதன் கழுத்தைப் பிடிக்கப் போய், முடியாமல், மண்ணில் சறுக்கி உட்கார்ந்தார்.

"மெதுவா போ" என்றாள்.

"குட்டிக்கு அடிபடாம இருக்கவாக்கா?" என்றார் டிரைவர்.

"இல்ல. அவர் நல்லாப் பாக்கட்டும்."