கலங்கிய நிலா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் மாமா எடுத்த படத்தில் நிலா ஏன் கலங்குகிறது என்று எட்டு வயதிலேயே கண்டுபிடித்தேன். பாதியைத்தான்.

அப்போது சோழவந்தானில் இருந்தோம். மாமா, அம்மா எடுத்து வளர்த்த ஒரே தம்பி. படப்பெட்டி ஒன்றை இரவல் வாங்கி, அதன் மூக்கில் தூரக்கண்ணாடியைக் கட்டியிருந்தார். நிலாவைத் தெளிவாகப் பிடித்துக் காட்டினால் மதராஸ் ஸ்டுடியோவில் வேலை. பௌர்ணமிக்கு முந்திய இரண்டு நாளும், பொழுது சாயும் நேரத்தில் கொல்லையில் படம் எடுத்தார். இரண்டிலும் நிலா, மோரில் விழுந்த அப்பளம் மாதிரி ஊறிப்போய்க் கிடந்தது.

மாமாவுக்கு எல்லார் மேலும் சந்தேகம். நான் நடந்து தரை அதிர்ந்ததாம், கொலுசைப் பறித்துக்கொண்டார். பசு முளையில் உரசியதாம். அது பக்கத்து வீட்டுக்குப் போனது. படப்பெட்டி பலகையிலிருந்து இறங்கி, கவிழ்த்த உரலில் ஏறியது. வெற்றிலைக் கொடிக்காலின் ஈரக்காற்றுக்கும் திட்டு விழுந்தது.

"ஏ கழுத, நீதான ஆட்டுன?"

"நான் மூச்சே விடல மாமா."

"மூச்சு விடாம எப்படி இருந்த? அப்பப் பொய்யி."

"விடு தம்பி, பிள்ள என்ன செய்யும்," என்றாள் அம்மா. "நீ மதராசு போறதுல அந்த நெலாவுக்கே இஷ்டமில்ல போல."

பௌர்ணமியன்று படம் பதிகிற தகடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆட்டுகிற ஆளைப் பிடிக்க வைக்கோல் போருக்குப் பின்னால் பதுங்கினேன். மாமா தூரக்கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுத் தகடு எடுக்க உள்ளே போனார். அம்மா வந்தாள். முந்தானையால் கண்ணாடியை ஒரு சுற்றுத் துடைத்தாள். போய்விட்டாள்.

கிட்டே போனால் நல்லெண்ணெய் வாசம். எண்ணெய்க் கையோடு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டாலே என்னை அடிப்பவள். அவசரத்தில் மறந்திருப்பாள், பாவம். மாமாவிடம் அவள் திட்டு வாங்கக்கூடாதென்று, என் பாவாடையால் ஊதி ஊதித் துடைத்துவிட்டு ஓடினேன்.

அந்த நிலா மச்சத்தோடு வந்து உட்கார்ந்தது. மறுநாள் மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

"அக்கா, எம்புட்டுத் தெளிவு பாரு."

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தேன் இருக்கு. எப்பக் கெளம்புற?"

பிறகு எனக்குத் தலை வாரினாள். அவள் எண்ணெயை நான் துடைத்த கதையைப் பெருமையாகக் காதில் சொன்னேன். சீப்பு நின்றது. அப்புறம் சடையை இழுத்த இழுப்பில் என் கண்ணில் நீர் வந்தது. அவள் கண்ணிலும் வந்தது. அவள் தலையை யார் இழுத்தார்கள் என்று தெரியவில்லை.

அவ்வளவு சுத்தமாகத் துடைத்த பிள்ளைக்கு இதுதானா கூலி என்று, மாமா ரயிலேறும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.