நூறு, ஃபுல்

இராஜகுமாரி கண்டி மஹய்யாவையில் நகரசபைத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவள். கம்ப்யூட்டர் வலையமைப்பு வேலையில் இருபது வருடம் ஓட்டிவிட்டாள். சோதனைச் சாவடியும் குண்டுச் செய்தியுமாக இருந்த அந்த யுத்த காலத்தை நினைத்து ஏங்க என்ன இருக்கிறது என்று கேட்டால், அவள் கூட வேலைசெய்த ஹாஷிமைப் பற்றித்தான் சொல்வாள். அவன் இப்போது கட்டாரில் இருக்கிறான். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கிவிடும்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கண்டி நகரில் ஒரு காப்புறுதி அலுவலகம். கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி மூன்றாம் மாடியில் ஒன்று, கீழ்த்தளத்தில் ஒன்று, நடுவே ஒரு கேபிள். மேலே இவள், கீழே அவன். வேகத்தைத் தாமாகவே பேசி முடிவுசெய்யும் வசதி அந்தப் பெட்டிகளில் இருந்தது. பழைய சாமான்களோடு பட்ட பாட்டில் இருவருக்கும் அதன்மேல் நம்பிக்கை போயிருந்தது. அதனால் கையால்தான் போடுவார்கள். “நூறு, ஃபுல்” என்று இவள் போனில் சொல்வாள். அதாவது வேகம் நூறு, இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். அவனும் அதையே திருப்பிச் சொல்லித் தன் பக்கம் போடுவான். கோயில் ஐயர் மந்திரத்தில் தடுமாறினாலும் தடுமாறுவார், இவர்கள் இதில் தடுமாறமாட்டார்கள்.

புதுப் பெட்டிகள் பூட்டிய அன்றும் இவள் தன் பக்கத்தை முடித்துவிட்டு “நூறு, ஃபுல்” என்று போனில் சொன்னாள்.

“நூறு, ஃபுல். கேபிள் குத்தியாச்சி, லெப்டொப்ப எடுத்துட்டு வந்து என்ட பக்கத்தப் போட்டுடுறேன். நீங்க சாமான் வாங்கப் போங்க” என்றான் ஹாஷிம்.

போனவளை குட்ஷெட் பஸ் நிலையத்தடிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். பையில் வயர், அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். வேறென்ன வேண்டும்? பொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அலுவலக போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நல்லவேளை, பிடித்ததைக் கண்ட யாரோ ஹாஷிமிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் மத்தியானத்திலிருந்து ஐந்து மணி நேரம் பொலிஸ் வாசலில் நின்று, கையெழுத்துப் போட்டு அவளை வெளியே எடுத்தான். அதற்குப் பிறகு யாருக்குச் சுவிட்ச் ஞாபகம் வரும்?

மறுநாள் காலை அலுவலகமே இழுத்துக்கொண்டிருந்தது. சுவிட்சில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒரு பக்கம் திறக்கக் கால் மணி நேரம் பிடிக்கிறது. மெனேஜர் நவரட்ணராஜா கூப்பிட்டார். யாழ்ப்பாணத்து மனுஷன், சட்டை மடிப்புக் கலையாதவர்.

“பிள்ளை, நேற்று கடைசியா நீர்தானே தொட்டனீர்? கொழும்பு ஹெட் ஒபிஸில காரணம் கேக்கினம். பொலிஸ் பிடிச்ச பிள்ளை தொட்ட சாமான் எண்டு நான் எழுதினால் உமக்கு என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே. பத்து மணிக்குள்ள காரணம் சொல்லும்.”

வேலை போவது ஒருபுறம் இருக்க, மறுபடி அந்தப் பொலிஸ் வாங்கில் உட்கார வேண்டுமே. அவரது கம்ப்யூட்டரிலேயே கீழ்ச் சுவிட்சின் அமைப்புப் பட்டியலைத் திறந்தாள். நூறு, ஹாஃப். கீழே யாரும் கையால் போடவில்லை என்பது பார்த்ததும் விளங்கிவிட்டது. ஒரு பக்கம் கையால் போட்டால் அது மற்றதோடு பேசிப் பார்க்காது. தானாக முடிவெடுக்கும் பெட்டி வேகத்தை மட்டும் கண்டுபிடித்து, மற்றதற்கு ஹாஃபில் நின்றுவிடும். இந்தப் பக்கம் ஓயாமல் பேச, ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்று நினைக்கும் அந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தித் திரும்பத் தொடங்கும்.

“என் தப்புத்தான் சேர். ரெண்டு பக்கமும் பார்க்காம போயிட்டேன்” என்றாள்.

வாசலில் நின்ற ஹாஷிம் உள்ளே வந்தான். “இல்ல சேர், என்ட பக்கத்த நான் போடல்ல. இவங்கள பொலிஸ்ல புடிச்சாங்கண்டு கேட்டதும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிட்டேன்.”

நவரட்ணராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“பொலிஸில இருந்து எனக்கும் நேற்று போன் வந்தது, பிள்ளை. உம்மைத் தெரியாது எண்டு சொல்லிப்போட்டன்.”

கீழ்ச் சுவிட்சைத் திருத்திவிட்டு எழுந்து வந்தாள். அவரும் தமிழர், பயந்திருப்பார் என்பது பிற்பாடு அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஹாஷிமுக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் அந்த ஐந்து மணி நேரமும் அங்கே நின்றான்.