பெரியம்மா தந்த வானிலை அறிக்கை

ஒரு புயலை நான் தொலைபேசி மூலம் ரத்துச் செய்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. ரத்துச் செய்யப்பட்ட செய்தி புயலுக்குப் போய்ச் சேரவில்லை. பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் அதுதான் காரணம். தலைமுடி பின்வாங்கத் தொடங்கிவிட்ட இந்த வயதிலும், கோடையில் மேகம் கறுத்தால் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமுகிறார்.

அது 2010ஆம் ஆண்டின் கோடை. பேர்ண் நகரத்தில், பூம்ப்ளிஸ் என்ற பகுதியில், ஓர் அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் இருந்தோம். என் வகுப்புப் பையன்கள் உலகக்கோப்பைப் படங்களைச் சேகரித்தார்கள். நான் மேகங்களைச் சேகரித்தேன். இணையத்தில் புயல் பைத்தியங்களுக்கென்று ஜெர்மன் மொழியில் ஒரு களம் இருந்தது. இடிமழை எங்கே உருவாகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, விழுந்த ஆலங்கட்டி எந்த நாணயத்தின் அளவு என்று நாடு முழுவதிலுமிருந்து எழுதுவார்கள். வயது கேட்கமாட்டார்கள். நான் எழுதிய தோரணையைப் பார்த்து ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று நினைத்திருக்க வேண்டும். அங்கே என்னை 'நீங்கள்' என்றார்கள். வீட்டில் 'டேய்' என்றார்கள். இரண்டில் எதை நான் நம்பினேன் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருந்தது. இந்த நாட்டில் பெரிய இடிமழைகள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும். முதலில் ஃப்ரிபூர்க், பிறகு பேர்ண், பிறகு லுசேர்ண். எங்கள் குடும்பமும் அதே கோட்டில்தான் கிடந்தது: ஃப்ரிபூர்க்கில் பெரியம்மா, பேர்ணில் நாங்கள், லுசேர்ணில் மாமா. அகதிகளை மாநிலம் மாநிலமாகப் பங்கிட்ட அதிகாரிக்கு வானிலையில் ஆர்வம் இருந்திருக்க வேண்டும். மாமா சமையல் வேலை செய்த ஹோட்டல் குசினிக்கு யன்னல் கிடையாது. ஆகவே அவர் பயன்படவில்லை. பெரியம்மாவோ மேல்மாடியில், மேற்குப் பார்த்த பல்கனியுடன் இருந்தார். மேகம் கறுக்கும் நாளெல்லாம் அவரை அழைப்பேன். அவர் சொல்வதை நான் ஜெர்மனில் எழுதுவேன். ராடார் பொய் சொல்லலாம், கண்ணால் கண்டவர் சொல்வதே முடிவு என்பது அந்தக் களத்தின் முதல் சட்டம்.

இந்த நிலையில்தான் அக்காவின் சாமத்தியவீடு வந்தது.

அக்கா பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானதை மண்டபம் எடுத்து, முந்நூறு பேருக்குச் சோறு போட்டுக் கொண்டாடுவதென்று வீட்டில் முடிவானது. மாமா தன் பங்குக்கு ஒரு குதிரை வண்டியை ஒழுங்கு செய்தார். லுசேர்ணில் சுற்றுலாப் பயணிகள் அப்படிப் போவதைக் கண்டு பல வருடங்களாக மனத்தில் வைத்திருந்தாராம். இரண்டு வெள்ளைக் குதிரைகள், கூரை இல்லாத வண்டி. எங்கள் அடுக்குமாடி வாசலிலிருந்து மண்டபம் வரைக்கும், பூம்ப்ளிஸ் பார்த்திருக்க, அக்கா ஊர்வலம் போவாள்.

அக்காவுக்கு இதைவிடச் சாவு மேல். அதே அடுக்குமாடியில் அவளுடைய வகுப்புப் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாமியின் பிறந்தநாளுக்குப் போவதாக அவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

வியாழனிலிருந்தே களம் கொதித்துக்கொண்டிருந்தது. இப்படியொரு வரைபடத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று எங்கள் மூத்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், எழுதினார். ஞாயிறு மத்தியானம் எல்லைக்கு அப்பால் பிரான்சில் ஒரு டொர்னாடோ காட்டின் ஒரு பகுதியைப் படுக்க வைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அரை மணித்தியாலத்தில் இன்னொன்று. பிறகு நொய்ஷாத்தல் ஏரியில் இரண்டு நீர்த்தூண்கள் எழுந்து நடக்கின்றன என்று படத்தோடு ஒருவர் போட்டார். களத்தில் கல்யாண வீட்டுக் களை. எங்கள் பக்கமும் ஒன்று வராதா என்று நான் ஏங்கினேன். எங்கள் பக்கம் என்பதில் என் குடும்பமும் அடக்கம் என்பது தோன்றவில்லை.

இரண்டரை மணிக்கு அக்கா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பட்டுச்சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. நடக்கும்போது நகைக்கடை நகர்வதுபோல் இருந்தது.

"தம்பி, மழை வருமோ?"

"இன்னும் உறுதியாச் சொல்லேலாது."

"வருமெண்டு சொல்லடா. நீ சொன்னால் அப்பா காரிலை போவம் எண்டுவார்."

"பொய் றிப்போட் குடுக்கேலாது."

"என்ர போனை ஒரு கிழமைக்குத் தாறன்."

"அக்கா, இது விஞ்ஞானம்."

அவள் கண் கலங்கினாள். மை கரைந்துவிடுமே என்று உடனே நிறுத்தியும்கொண்டாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். உலகத்தில் லஞ்சம் வாங்காத வானிலை நிபுணர்கள் எத்தனை பேர் இருந்தாலும், லஞ்சம் வாங்காததாலேயே கணிப்புத் தவறிப்போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வண்டிக்காரர் அதற்குள் வந்துவிட்டார். வானம் பார்த்துப் பயிர்செய்யும், பெரிய மீசை வைத்த கமக்காரர். கீழே நின்று சவுக்கால் மேற்கைக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா கைபிசைந்தார். மாமா, "உந்த மேகத்துக்குப் பயந்தோ இவ்வளவு செய்தனாங்கள்?" என்றார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தி, பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு ஃப்ரிபூர்க்கை அழைத்தேன். பெரியப்பாவின் வேலை முடியும்வரை பெரியம்மா பலகாரத்தோடு வீட்டில் காத்திருந்தார்.

"பெரியம்மா, காத்து எந்தப் பக்கமிருந்து?"

"ஆரு, தம்பியே? சாப்பிட்டியோ?"

"ஆலங்கட்டி விழுதோ?"

"சீச்சீ. இங்க ஒண்டுமில்லை. நல்ல வெயில்."

"பின்னால என்ன சத்தம்?"

"வடை பொரியுது ராசா. அக்கா வெளிக்கிட்டாச்சோ?"

"ராடாரிலை உங்கட பக்கம் முழுக்கச் சிவப்பாக் காட்டுது."

"அது மெஷின்தானே." இந்த இடத்தில் ஏதோ உடைந்தது. "சட்டி விழுந்திட்டுது. நீங்கள் நேரத்துக்கு வெளிக்கிடுங்கோ, நாங்கள் பின்னால வாறம்."

நான் களத்தில் எழுதினேன்: ஃப்ரிபூர்க், வெயில், ஆலங்கட்டி இல்லை, புயல் வலுவிழந்துவிட்டது. தபால்காரர் உடனே கேட்டார்: ராடார் வேறு சொல்கிறதே, உங்கள் பார்வையாளர் யார்? என் தாயின் மூத்த சகோதரி என்று பதில் போட்டேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. ஏற்றுக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

"புயல் இல்லை," என்று கூடத்தில் அறிவித்தேன். "வெளிக்கிடலாம்."

"பெடியன் சொன்னால் சரி," என்றார் அப்பா. அவர் என்னைப் பற்றி அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. அடுத்த தடவைக்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

ஊர்வலம் கிளம்பியது. நான் வண்டிக்காரருக்குப் பக்கத்தில், குஞ்சம் வைத்த அலங்காரக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் அக்கா, தலை குனிந்தபடி. நாணம் என்று எல்லோரும் ரசித்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் மாமா, பட்டுவேட்டியும் சால்வையுமாக, சனங்களுக்குக் கை காட்டிக்கொண்டு. அம்மாவும் அப்பாவும் வரவேற்பதற்காகக் காரில் முன்னால் போய்விட்டார்கள். அடுக்குமாடிகள் மேற்கை மறைத்திருந்தன. கடைசிக் கட்டடத்தைத் தாண்டித் திரும்பியதும் வானம் தெரிந்தது.

அப்படியொரு நிறத்தை நான் படங்களில்தான் பார்த்திருந்தேன். கறுப்புக்குள் பச்சை. அதன் கீழே வெள்ளையாக ஒரு திரை, எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

முதல் கட்டி வண்டி விளக்கை உடைத்தது. இரண்டாவது மாமாவின் தோளில். மூன்றாவது என் குடையைத் துளைத்துக்கொண்டு மடியில் விழுந்தது. களத்தின் ஒழுங்குப்படி அளந்தேன்: ஐந்து பிராங்க் நாணயத்தைவிடப் பெரிது. இந்த நாட்டில் அதைவிடப் பெரிய நாணயம் இல்லை. அதற்குமேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கியது. வண்டி ஒரு பக்கமாய்ச் சரிந்தது. அக்கா கொண்டையைக் கைகளால் பொத்திக் குனிந்தாள். மாமா அவள்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துக்கொண்டார். தாய்மாமன் கடமைகளில் இதுவும் ஒன்றென்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

வண்டிக்காரர் குதிரைகளை நேரே பெற்றோல் நிலையத்துக்குள் விட்டார். அங்கே கார் கழுவும் கூடம் காலியாகத் திறந்து கிடந்தது. இரண்டு வெள்ளைக் குதிரைகளும் வண்டியும் நாங்களும் அதற்குள் புகுந்தோம். தகரக் கூரை அதிர்ந்தது. யாருக்கும் காயமில்லை என்று தெரிந்ததும் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போதுதான் மூலையில் ஐஸ்கிறீமும் கையுமாக ஒதுங்கி நின்ற மூன்று பெண்களைக் கண்டேன்.

அந்த மூன்று பெண்கள்தான்.

அவர்கள் அக்காவைப் பார்த்தார்கள். நெற்றிச்சுட்டியை, ஒட்டியாணத்தை, நனைந்து தொங்கிய பூச்சரத்தை, தரையில் உட்கார்ந்து தோளைத் தடவிக்கொண்டிருந்த மாமாவை. "இது என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். வெளியே கல் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போக வழியில்லை. அக்கா என்னை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் என் ஆயுள் குறைந்தது. பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சுத்தமான பேர்ண் ஜெர்மனில் சொன்னாள்:

"பெரிய புயல் வந்தால் எங்கட ஆக்கள் இப்பிடி உடுத்துக்கொண்டுதான் அதை எதிர்கொள்ளப் போவம்."

மூவரும் வாயைப் பிளந்தார்கள். "உங்களுக்கு முதலே தெரியுமா?"

"வீட்டிலை ஆள் இருக்கு," என்று என்னைக் காட்டினாள். "இவர்தான் கணிச்சுச் சொன்னவர்."

அக்காவின் ஜெர்மனில் எனக்கு 'இவர்' என்ற மரியாதை ஒலித்தது அதுவே முதலும் கடைசியும். நான் மறுக்கவில்லை. என் விஞ்ஞான நேர்மைக்கும் ஓர் எல்லை இருந்தது. புயல் ஓயும்வரை அந்தப் பெண்கள் அக்காவின் வளையல்களைப் போட்டுப் பார்த்தார்கள், குதிரைகளுக்கு ஐஸ்கிறீம் கொடுத்தார்கள். மண்டபத்துக்கு அக்கா நிமிர்ந்த தலையோடு போய் இறங்கினாள். வண்டியில் மூன்று தோழிகள் கூடுதலாக இருந்தார்கள். மாமா நடந்து வந்தார்.

பெரியம்மா ஆறு மணிக்கு வந்தார். பெரியப்பாவின் கார் முழுவதும், யாரோ சுத்தியலால் பொறுமையாகத் தட்டியதுபோல் குழி குழியாக இருந்தது. முன்கண்ணாடி வெடித்திருந்தது. பெரியம்மாவின் கையில் பெரிய பிளாஸ்டர். குசினியின் கூரை யன்னல் நொறுங்கிப் பலகாரத் தட்டின்மேல் விழுந்த நேரத்தில்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாராம். இதைப் பெரியப்பாதான் சொன்னார்.

"ஏன் அக்கா, எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று அம்மா கேட்டார்.

"அது ஒரு சின்ன விசயம். பிள்ளை வடிவா இருக்கிறாள், என்ன?" என்றார் பெரியம்மா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. களத்தில் என் பெயர் போயிருந்தது. அன்றிரவே என் கொப்பியில் பார்வையாளர் பட்டியலை எடுத்து, பெரியம்மாவின் பெயருக்கு நேரே 'நம்பத்தகாதவர்' என்று சிவப்பு மையால் எழுதினேன்.

அதற்கு முந்திய ஆண்டின் முதல் மாதங்களில், விடுமுறைக்கு அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் நான் சோபாவில் இருந்து கார்ட்டூன் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பெரியம்மா, யுத்தம் நடந்த வன்னியிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருப்பார். அவருடைய தம்பி, எங்கள் சின்னமாமா, எப்போதாவது ஒரு நிமிடம் பேசுவார். "இங்க ஒண்டுமில்லை அக்கா, நாங்கள் சுகம், நீங்கள் சாப்பிட்டாச்சோ?" பின்னால் ஏதோ சத்தம் கேட்கும். பெரியம்மா என்னிடம் தொலைக்காட்சியைக் குறைக்கச் சொல்வார். சித்திரை முடிவோடு அந்த அழைப்புகள் நின்றன. ஆலங்கட்டிக்கு நாணயம் வைத்து அளவு பார்க்கத் தெரிந்த எனக்கு, இதில் கவனிக்க ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, வளர்ந்தவன் என்ற தைரியத்தில், பெரியம்மாவிடம் அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்சம் நீளமாகவே பேசினேன். அவர் என் தட்டில் இன்னொரு வடையை வைத்தார்.

"அதை விடு. எத்தனை வருசம் எனக்குப் போன் எடுத்தாய், காத்து எப்பிடி, மேகம் எப்பிடி எண்டு கேட்டாய். ஒரு நாளாவது, பெரியம்மா எப்பிடி எண்டு கேட்டனியோ?"